பிரேக் பிடித்தால் இரண்டு சத்தம்

என் காரில் பிரேக் பிடித்தால் பின்பக்கத்தில் சத்தம் வரும். ஒரு சத்தம் இல்லை, இரண்டு. முதலில் தடிப்பாக ஒரு "டொக்". அது அடங்குவதற்குள் பின்னாலேயே மெல்லிதாக ஒரு "டக்". பிரேக்கை விட்டு அக்சிலேட்டரை மிதித்தால் அதே சோடி இன்னொரு முறை கேட்கும்.

கிளிநொச்சியில் அப்படியொரு கார் வேறு இல்லை. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, பின்னுக்குச் சரிந்து இறங்கும் பெரிய கண்ணாடி. உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பெரிய சில்லின் உயரம்கூட வராது. பகலில் முன்விளக்குகள் மூடிக் கிடக்கும். சுவிச்சைத் தட்டினால் இரண்டும் முழித்துக்கொண்டு மேலே வரும். அதைப் பார்ப்பதற்காகவே சந்தியில் நிற்பவர்கள் "அண்ணை, கண்ணைத் திறவுங்கோ" என்று கேட்பார்கள். நானும் வெட்கமில்லாமல் திறந்து காட்டுவேன்.

எனக்கு மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. அந்தக் கார் கொழும்பிலிருந்து உயிரில்லாமல் லொறியில் வந்தது. ஞாயிறுகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் நேரே அதன் அடியில் போய்ப் படுத்துவிடுவேன். கையால் பிரித்து, கையால் பூட்டி, ஒருநாள் அது இருமிக்கொண்டு எழும்பியபோது நான் துள்ளிக் குதித்தேன். என் மனைவி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பின் சீற் எங்க?"

"பின் சீற் இல்லை."

"அப்ப பிள்ளையள்?"

அப்போது எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் சிரித்துச் சமாளித்தேன். பிறகு அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. பேறு வவுனியாவில் என்று முடிவானது. சத்தமும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான் தொடங்கியது. முதலில் சின்னதாக "டொக்" மட்டும். வயிறு வளர வளரச் சத்தமும் வளர்ந்து, கூடவே "டக்"கும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் பரந்தன் சந்தியில் மாடு குறுக்கே வர, நான் பிரேக்கை அமத்தினேன். டொக், டக். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, பிள்ளை பிறக்கிறதுக்கு முதல் இந்தச் சத்தத்தைக் கண்டுபிடியுங்கோ. இல்லாட்டி இதைக் குடுத்திட்டு ஒரு ஓட்டோ எடுங்கோ. பச்சைப் பிள்ளையோட நான் இதில ஏறமாட்டன்."

என் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னால் அது முடிந்த முடிவு. எனக்கோ அந்தக் காரில்தான் என் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. அற்ப ஆசைதான். ஆனாலும் என் ஆசை அது.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு இங்கே வந்து, காடு வெட்டி, கிணறு வெட்டி, ஒரே மகளைப் படிப்பித்தவர். அந்த மகள், முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் நாற்றத்தோடு வளர்ந்த ஒரு வேதக்காரனை, கிறிஸ்தவனை, கட்டப் போகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்றார். நாங்கள் பதிவு செய்து கட்டிக்கொண்டோம். சில காலம் போனபின் அவர் எங்களுக்கு வீட்டுப் படலையைத் திறந்தார். என்னோடு வாயைத் திறக்கவில்லை.

அதற்காக மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நான் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர் நின்றுகொண்டு மகளிடம் கேட்பார்:

"வந்தவங்களுக்கு மோர் குடுத்தியாம்மா?"

நானும் விடமாட்டேன். "போதுமெண்டு சொல்லும்" என்பேன் அவளிடம். அவள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மோரைத் தானே குடித்துவிடுவாள்.

நாங்கள் உள்ளே சாப்பிடும் நேரத்தில் அவர் வெளியே காரைச் சுற்றி வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, ரயரைக் காலால் தட்டி, வாங்கப் பிடிக்காத மாட்டைப் பார்ப்பது போல் பார்ப்பார். பின் கண்ணாடிக் கதவின் பூட்டு ஒருநாளும் வேலை செய்ததில்லை. அதையும் திறந்து மூடிப் பார்ப்பார். யன்னலால் அதைக் காணும்போது எனக்குச் சோறு இறங்காது. என்னோடு கதைக்காதவர் என் காரில் ஏன் கை வைக்கிறார் என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணை எனக்கு நெருக்கம். பஸ் பிரேக்குகளோடு காலம் தள்ளியவர். வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். காரை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, விரலைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, ரெண்டு சத்தமெண்டால் ரெண்டு வருத்தம். ஒண்டு பிரேக் பாட் ஆடுது. மற்றது பின் புஷ் தேய்ஞ்சு போச்சு."

பிரேக் பாட்டைக் கழற்றினோம். அது ஆடவில்லை. ஆடாத பாட்டுக்கும் புதுக் கிளிப் போட்டோம். சத்தம் இருந்தது. புஷ்ஷைக் கழற்றினோம். தேய்ந்துதான் இருந்தது, மாற்றினோம். சத்தம் இருந்தது. ஷொக் அப்சோபரின் மேல் நட்டை இறுக்கினோம், சைலன்சரைத் தாங்கும் ரப்பரை மாற்றினோம், சில்லு நட்டுகளை இரண்டு பேரும் மாறி மாறி இறுக்கினோம். டிக்கியில் கிடந்த எல்லாவற்றையும் வெளியே கொட்டி, உதவிச் சில்லையும் தூக்கி வெளியில் வைத்துவிட்டு ஓடினோம். டொக், டக்.

ஜக் போட்டுத் தூக்கி, அலவாங்கால் நெம்பிப் பார்த்தால் ஒரு முனகல்கூட இல்லை. பள்ளத்தில் விழுத்தினாலும் பேசாது. பிரேக் பிடித்தால் மட்டும் பேசும். கால் பிரேக்கைத் தொடாமல் கைப்பிரேக்கை மட்டும் மெதுவாக இழுத்து நிறுத்திப் பார்த்தோம். அப்போதும் வந்தது. கடைசியில் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பிரேக் பிடித்தோம். இப்போது சத்தம் இன்னும் பின்னாலிருந்து, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்திலிருந்து கேட்டது. அண்ணை தலையைச் சொறிந்தார்.

"இது ஒரு இடத்தில நிக்கிற வருத்தமில்லையடா. ஓடித்திரியிற வருத்தம்."

அந்த வார்த்தையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. பேற்றுக்கு அதிக நாட்கள் இல்லை. வீட்டில் ஓட்டோ விலை விசாரிப்பு தொடங்கியிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

"அண்ணை, நீங்கள் ஓட்டுங்கோ. நான் பின்னால படுத்துக் கேக்கிறன்" என்றேன்.

பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு ஆள் முடங்கிப் படுக்க இடம் இருந்தது. டிக்கித் தட்டெல்லாம் கிறீஸ். சட்டை பழுதாகும் என்று அண்ணை ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். வெயில் சுடும் என்று அதன் மற்றப் பாதியை என் நெஞ்சு வரை போர்த்தியும் விட்டார். நல்ல மனிதர். கண்ணை மூடினால் காது கூர்மையாகும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைகளுக்குப் போக இடமில்லாததால் நெஞ்சின் மேல் கோத்து வைத்துக்கொண்டேன். போனை கராஜ் மேசையிலேயே விட்டிருந்தேன்.

கார் பிரதான வீதியில் ஏறி, பஸ் தரிப்பிடத்தில் நின்ற முல்லைத்தீவு பஸ்ஸைக் கடந்து, இரணைமடுப் பக்கம் திரும்பியது. அந்த பஸ்ஸின் யன்னல்களிலிருந்து பார்த்தவர்களுக்கு எங்கள் கார் எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. என் முழுக் கவனமும் காதில் இருந்தது.

குளத்துக்குப் போகும் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. ஒன்றரை மணித்தியாலம் அதில் மேலும் கீழும் ஓடியும் சத்தம் எந்தப் பக்கம் என்று பிடிபடாமல், தலையை மறுபக்கம் வைத்துப் படுத்தேன். "பிடியுங்கோ!" என்று கத்தினேன். பிடித்தார். டொக், டக். என் இடது காதுக்குப் பக்கத்தில், தகரத்துக்குப் பின்னால்.

"திரும்பப் பிடியுங்கோ!"

டொக், டக். இந்த முறை ஏதோ உருள்வதும் கேட்டது.

"நிப்பாட்டுங்கோ அண்ணை! உருளுது! இது காரின்ர சத்தமில்லை!"

டிக்கியின் பக்கச் சுவரில், கம்பளத்துக்குப் பின்னால், ஜக் வைப்பதற்கென்று நீளமாக ஒரு பெட்டி உண்டு. கார் என்னிடம் வரும்போதே ஜக் இல்லை. அது வெறும் பெட்டி என்று எனக்குத் தெரியும். தெரிந்த இடத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? படுத்தபடியே கம்பளத்தை விலக்கி மூடியைத் திறந்து கையை விட்டேன். உருண்டையாக ஒன்று அகப்பட்டது.

மஞ்சள் துணியில் கட்டிய தேங்காய். துணி அங்கங்கே தேய்ந்து கிழிந்திருந்தது. ஒரு மூலையில் நாணயம் ஒன்று முடிந்திருந்தது. குங்குமமும் விபூதியும் துணியில் அப்பியிருந்தன. காதில் வைத்துக் குலுக்கினேன். தண்ணீர் வற்றி, உள்ளே பருப்பு கழன்று, ஓட்டில் அடிபட்டது. டக். தேங்காய் ஓடிப்போய்த் தகரத்தில் முட்டுவது முதல் சத்தம். உள்ளிருக்கும் பருப்பு பின்னால் வந்து ஓட்டில் முட்டுவது இரண்டாவது. இதற்குத்தான் நாங்கள் புஷ் மாற்றியிருக்கிறோம்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். அண்ணை சிரிக்கவில்லை. இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"கீழ போடடா அதை! மஞ்சள் துணி, காசு, குங்குமம்… ஒளிச்சு வைச்சிருக்கு. இது செய்வினை. உனக்கு ஆரோட பகை?"

எனக்கு இருந்த பகை ஒன்றுதான். அது விசுவமடுவில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது. காரைச் சுற்றிச் சுற்றி வந்ததும், பின் கதவைத் திறந்து மூடியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எனக்குக் கோபம் வந்தால் காது சுடும். அன்று கழுத்து வரை சுட்டது. என்னைப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை. வயிற்றுப் பிள்ளையோடு தன் மகளும் இருக்கிற காரில் இப்படி ஒன்றை வைக்க ஒரு தகப்பனுக்கு மனம் வருமா? அண்ணை அதைக் குளத்தில் வீசச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். நேரே விசுவமடுவுக்குப் போய் அவர் முன்னால் வைத்துக் கேட்கப் போகிறேன் என்றேன். வழி முழுக்க, கேட்கப் போகும் கேள்விகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பாடமாக்கினேன்.

போனை எடுக்க கராஜில் இறங்கினேன். அது மேசையில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. மனைவி. அழுகையில் பாதி வார்த்தை விளங்கவில்லை.

"எங்க நிக்கிறியள்? உங்களுக்கு ஒண்டுமில்லையே? உண்மையா ஒண்டுமில்லையே?"

"எனக்கென்ன? நல்லாத்தான் நிக்கிறன்."

"அப்பா கிளிநொச்சி ஆசுபத்திரியில நிண்டு உங்களைத் தேடுறார். பஸ்ஸில போன மனுசி ஒராள் கண்டவவாம். காருக்குப் பின்னால வெள்ளைத் துணி போத்து, கண் மூடி, கை கட்டி… ஆரோ ஓட்டிக்கொண்டு போகினமாம். விசுவமடுவில இறங்கி நேர அப்பாட்டப் போய்ச் சொல்லிப்போட்டா. அப்பா வார்ட் வார்டாப் பாத்திட்டு, இப்ப கராஜுக்கு வாறாராம்."

எங்கள் ஊர்களில் வாகனத்தின் பின்னால் வெள்ளைத் துணியோடு கிடக்கிற ஆளைக் கண்டால், அவர் சத்தம் கேட்கப் படுத்திருக்கிறார் என்று யாருக்கும் தோன்றாது. அது எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது.

போனை வைப்பதற்குள் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அவர் அதற்கு ஸ்டாண்ட் போடவில்லை. அது பாட்டுக்கு விழுந்தது. மடித்துக் கட்டிய சாரம், முழங்கால் வரை தோட்டத்துச் சேறு, காலில் செருப்பில்லை. நேரே என்னிடம் வந்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தோளைப் பிடித்து அமத்தினார், கையை அமத்தினார், எலும்பு இருக்கிறதா என்று பார்ப்பது போல. மூச்சு வாங்கியது. பிறகு என் மற்றக் கையில் இருந்ததைக் கண்டார்.

"அத யாரக் கேட்டு எடுத்தீங்க?"

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நான் பாடமாக்கிய கேள்வியெல்லாம் ஓடிவிட்டது. "இதை நீங்களோ மாமா வைச்சது?" என்று மட்டும் கேட்டேன்.

"நாந்தான் வச்சேன். வேற யாரு வைப்பா? தரையோட தரையா ஒரு வண்டி. லொறிக்காரன் கண்ணுக்குத் தெரியுமா அது? நீங்களும் பறந்துகிட்டே வர்றீங்க. புள்ள உண்டாயிருக்கான்னு அவ சொன்ன அன்னிக்கே முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்ந்து வச்சேன். புள்ள பொறந்து, மூணு பேரும் இந்த வண்டியிலயே நல்லபடியா வீடு வந்து சேந்தா ஒடைக்கிறேன்னு."

"இந்தக் காரிலயோ?"

"நீங்க ஆசப்பட்டுக் கட்டுன வண்டி. அதுலதான புள்ளயக் கொண்டாருவீங்க" என்றார்.

என் ஆசையை நான் மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கராஜின் நடுவில் தேங்காயை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல், விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிளை நிமிர்த்தப் போய்விட்டார். "நான் அப்பவே நினைச்சனான், இது நேர்த்திக்காய்தானெண்டு" என்றார் அண்ணை. அவரை முறைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

நேர்ந்ததைப் பாதியில் காரை விட்டு வெளியே எடுக்கக்கூடாதாம். அவரே ஜக் பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினார். அன்றிரவு இதைச் சொன்னபோது என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, "சத்தம் இருக்கட்டும், காரும் இருக்கட்டும்" என்றாள். ஓட்டோக் கதை அத்தோடு முடிந்தது.

மகள் பிறந்தாள். அழைத்துவரும் காலையில் மாமனாரும் வவுனியாவில் நின்றார். இரண்டு இருக்கையில் மனைவி ஒன்று, நான் ஒன்று, அவள் மடியில் பிள்ளை. அவர் பஸ்ஸில் வருவதாகத்தான் பேச்சு. ஆசுபத்திரி வாசலிலேயே நான் ஒரு பிரேக் பிடித்தேன், டொக், டக், பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டது. அவர் பின்னால் போனார், பூட்டில்லாத கண்ணாடியைத் திறந்தார், உள்ளே ஏறி முடங்கிப் படுத்து, தேங்காயை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இது என் கையில இருக்கட்டும். நீங்க ஓட்டுங்க, மாப்பிள்ள."

மாப்பிள்ளை என்று அவர் என்னை அழைத்தது அன்றுதான். டிக்கியில் ஆளைப் படுக்கவைத்து ஓட்டுவது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எல்லாம் தாண்டும் வரை பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இடைக்கிடை குரல் மட்டும் வரும்: "மாடு நிக்குது, மாப்பிள்ள." "மெதுவா, மெதுவா." முறிகண்டியில் எல்லா வாகனத்தையும் போல நிறுத்தினோம். ஆனால் பிள்ளை பிறந்த துடக்கு என்பதால் அவர் கோயில் பக்கம் போகவில்லை. படுத்தபடியே கும்பிட்டார். நான் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகு அவரும் நானும் மட்டும் முறிகண்டிக்குப் போனோம். அவர் முதல்முறையாக என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் தேங்காயை வைத்திருந்தார். ஓங்கி அடித்தார். ஒரு துளி தண்ணீர் இல்லை. பருப்பு முழுசாகத் துள்ளி வெளியே வந்து என் காலடியில் உருண்டது. அவர் அதை எடுத்து, ஊதி, மண்ணைத் துடைத்து என் கையில் தந்தார். வேதக்காரன் வாங்குவானோ மாட்டானோ என்று அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அதன் பிறகு காரில் சத்தம் இல்லை. பிரேக் பிடித்தால் மரியாதையாக நிற்கும். எனக்கு அது என்னவோ போல இருந்தது. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் காது தானாகப் பின்னுக்குப் போய், ஒன்றும் கேட்காமல் திரும்பி வரும்.

போன கிழமை பிள்ளையைக் காட்ட விசுவமடுவுக்குப் போனோம். நாங்கள் சாப்பிடும்போது அவர் வழக்கம்போல் வெளியே நின்றார். திரும்பி வரும் வழியில், தர்மபுரத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வர, பிரேக்கை அமத்தினேன்.

டொக்.

மனைவி என்னைப் பார்த்தாள். "என்ன சத்தம்?"

"பிரேக் பாட்" என்றேன்.

அவள் மடியில் தூங்கிய பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இந்த முறை என்ன நேர்ந்தார் என்று நான் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. காய் புதியது, உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரண்டாவது சத்தம் வருவதற்குச் சில மாதம் செல்லும்.